வீல் நட் கழலவே மாட்டேங்குதா? ஸ்டெப்னி மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னையில் இருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக திருப்பதி போகும் சாலையில் கார் டயர் பஞ்சர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது. ஜாக்கி இருக்கிறது. வீல் ஸ்பேனரும் இருக்கிறது. ஆனால் நட்டு மட்டும் ஒரு இன்ச் கூட அசையவில்லை. காருக்குள் குழந்தைகள், வயதானவர்கள். பக்கத்தில் லாரிகள் பறக்கின்றன.

ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவர்களே பலமுறை தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். நட்டு ஏன் இப்படி இறுகுகிறது? ரோட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது? வீட்டில் இருக்கும்போதே இதைத் தவிர்ப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

நான்கைந்து நட்டுதான்... ஆனா முழு பாரமும் அதுலதான்

அரக்கோணத்தை ஒட்டிய இச்சிப்புத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையே இருக்கிறது. ஆனால் டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ரிம்மை காரோடு பிடித்து வைப்பது வெறும் 4 அல்லது 5 நட்டுகள்தான். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஹப்பில் இருந்து ஸ்டட் என்ற மரை போட்ட கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நட்டு அதன் மேல் ஏறி ரிம்மை அழுத்திப் பிடிக்கிறது.

நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்ட ரப்பர் பேண்ட் திரும்ப இழுப்பது போல, அந்த இழுவிசைதான் ரிம்மை விடாமல் பிடிக்கிறது. குறைவாக இறுக்கினால் நட்டு மெல்ல கழன்று, ஓடும்போதே சக்கரம் ஆடும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டட் தன் தாங்கும் எல்லையைத் தாண்டி நீண்டு, பிடிமானத்தை இழந்து, ஒருநாள் உடையும். அதனால் 'டைட்டா இருந்தா சேஃப்' என்பது பாதி உண்மைதான்.

சரியான இறுக்கம் எவ்வளவு?

இதை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் சொல்வார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய, நடுத்தர கார்களுக்கு இது ஏறத்தாழ 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும. உங்கள் காருக்கான சரியான எண் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அதுதான் இறுதி.

எளிமையாகப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 40 கிலோ எடையை வைத்து அழுத்தினால் சுமார் 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அதாவது, சராசரி ஆள் கையால் நன்றாக அழுத்தினாலே போதும்.

அதே ஸ்பேனர் மேல் 70 கிலோ ஆள் ஏறி நின்றால்? சுமார் 170 நியூட்டன் மீட்டர். ஏறிக் குதித்தால் இன்னும் அதிகம். பஞ்சர் கடைகளில் பயன்படுத்தும் ஏர் கன்களில் 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரக்கூடியவையும் உண்டு. அந்த கன்னால் 'டர்ர்ர்' என்று நீண்ட நேரம் இறுக்கிய நட்டை, காரோடு வந்த குட்டி ஸ்பேனரால் எப்படி கழற்ற முடியும்? பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

நட்டு இறுகிப்போக வேறு என்ன காரணம்?

துரு: மழைத் தண்ணீர், சேறு, கடலோர உப்புக்காற்று ஆகியவை மரைக்குள் துரு ஏற்றும். வருடக்கணக்கில் கழற்றாத நட்டு ஒட்டிப்போகும்.

மரை மாறி ஏறுவது: கையால் பொருத்தாமல், எடுத்த எடுப்பில் ஏர் கன்னை வைத்து ஏற்றினால் நட்டு கோணலாக ஏறி மரையைத் தின்றுவிடும்.

பொருந்தாத நட்டு: அலாய் வீலுக்கு மாற்றியவர்கள் பழைய ஸ்டீல் ரிம் நட்டையே போடுவது, வேறு காரின் நட்டைப் போடுவது.

ரோட்டில் மாட்டிக்கிட்டா முதல்ல என்ன பண்ணணும்?

நட்டை மறந்துவிட்டு முதலில் இடத்தைப் பாருங்கள். சரிவான இடத்திலோ, வளைவிலோ, மண் இளகிய ஓரத்திலோ சக்கரம் மாற்ற வேண்டாம். திருத்தணி கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையில் பஞ்சர் ஆனாலும் இதே விதிதான். சமதளம் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போவதில் டயர் வீணாகலாம், பரவாயில்லை. உயிர் முக்கியம்.

ஹசார்டு விளக்கைப் போடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை முதலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. மாற்றப்போகும் சக்கரத்துக்கு குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு கல் முட்டுக் கொடுங்கள். காரோடு வந்த சிவப்பு முக்கோணத்தை பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள். எல்லோரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள்.

பஞ்சர் ஆனது வண்டிகள் போகும் பக்கத்துச் சக்கரமா? ஒதுங்க இடம் இல்லையா? நீங்களே மாற்ற முயற்சிக்காதீர்கள். உதவிக்கு அழையுங்கள்.

நட்டை கழற்றும் சரியான வழி

1. ஜாக்கி போடும் முன்பே நட்டை இளக்க வேண்டும். இதுதான் பலரும் மாற்றிச் செய்வது. காரைத் தூக்கிய பிறகு பலம் போட்டால் சக்கரம் சுற்றும், ஜாக்கி சரியும். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று, அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம்.

2. திசையை உறுதி செய்யுங்கள். கார்களில் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் கழலும். பதற்றத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி இன்னும் இறுக்கிவிடுபவர்கள் உண்டு. எதிர்மரை நட்டு என்பதெல்லாம் சில பழைய லாரிகளில் இடது பக்கச் சக்கரத்தில் இருந்த விஷயம்.

3. ஸ்பேனர் கைப்பிடி உங்களுக்கு இடது பக்கம் படுக்கையாக இருக்கட்டும். கடிகாரத்தில் 9 மணி முள் போல. இப்போது கீழ்நோக்கி அழுத்தினால் நட்டு கழலும் திசையில் திரும்பும். மேலே இழுப்பதைவிட கீழே அழுத்துவது சுலபம். உடல் எடை உதவும், முதுகும் பிடிக்காது.

4. ஸ்பேனர் நட்டின் மேல் முழு ஆழத்துக்கு உட்கார வேண்டும். பாதி மட்டும் பிடித்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பல கார்களில் நட்டு அளவு 19 அல்லது 21 மி.மீ. 19 வர வேண்டிய இடத்தில் 21 ஸ்பேனர் போட்டாலும் இதே கதிதான்.

5. வெடுக்கென இழுக்காமல், சீராக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கை போதவில்லை என்றால், காரைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியின் முனையில் ஒரு காலை வைத்து மெதுவாக எடையை இறக்கலாம். குதிக்கக் கூடாது. ஸ்பேனர் வழுக்கினால் கணுக்கால் போய்விடும்.

6. அப்படியும் அசையாவிட்டால், ஒரு நூல் அளவு இறுக்கும் பக்கம் திருப்பிப் பாருங்கள். துரு விட்டால் 'டக்' என்று சத்தம் வரும். பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

7. துருதான் காரணம் என்றால், டபிள்யூ.டி-40 போன்ற துரு நீக்கும் ஸ்பிரேயை நட்டும் ஸ்டட்டும் சேரும் இடத்தில் அடித்து 10, 15 நிமிடம் விடுங்கள். பிரேக் டிஸ்க், டிரம் மேல் படவே கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

பைப் மாட்டி நெம்பலாமா?

நெம்புகோல் தத்துவம்தான் இது. கைப்பிடி நீளம் இரண்டு மடங்கானால் அதே பலத்துக்கு இரண்டு மடங்கு முறுக்கு கிடைக்கும். அதனால்தான் லாரி டிரைவர்கள் வண்டியில் ஒரு இரும்பு பைப் வைத்திருப்பார்கள். பலம் குறைவானவர்களும் நட்டு கழற்ற இது உதவும்.

ஆனால் ஆபத்தும் அதே அளவு கூடுகிறது. கார் ஸ்பேனர் லாரி ஸ்பேனர் அல்ல. வளையலாம், உடையலாம். பைப் நழுவினால் முகத்தில் அடிக்கும். பைப் போட்டால் மெதுவாக, சீராக மட்டும் அழுத்துங்கள். இறுக்கும்போது பைப் மாட்டவே கூடாது.

இதைவிட நல்லது கிராஸ் ஸ்பேனர். கூட்டல் குறி வடிவில் இருக்கும். இடது கையால் கீழே அழுத்தி, வலது கையால் மேலே தூக்கினால் இரண்டு பக்கமும் பலம் சமமாக விழும், ஸ்பேனரும் வழுக்காது.

எப்போ நிறுத்தணும்?

ஸ்பேனர் திரும்புகிறது, ஆனால் நட்டு வெளியே வரவில்லை, 'கீச் கீச்' சத்தத்தோடு ரப்பரை முறுக்குவது போல இருக்கிறது என்றால் ஸ்டட்டே முறுகுகிறது என்று அர்த்தம். அதோடு விட்டுவிடுங்கள். நட்டின் முனை மழுங்கத் தொடங்கினாலும் நிறுத்துங்கள். மழுங்கிய நட்டை எடுக்க கடைகளில் தனி சாக்கெட் இருக்கிறது. அதற்கு மேல் போராடினால் செலவு ஒரு நட்டில் இருந்து ஹப் வரை போகும்.

தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். கார் நிறுவனத்தின் ரோட்சைடு அசிஸ்டன்ஸ், அல்லது இன்சூரன்ஸில் சேர்த்து வாங்கிய ரோட்சைடு கவர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.

நட்டு வந்துடுச்சு, சக்கரம் வரலையே?

அலாய் வீல்களில் இது அதிகம். ரிம்மின் நடுப்பகுதி ஹப்போடு துருவால் ஒட்டிக்கொள்ளும். ஜாக்கியில் நிற்கும் காரை உதைத்து ஆட்டாதீர்கள். எல்லா நட்டையும் இரண்டு, மூன்று மரை ஏறும்படி திரும்ப மாட்டி, லேசாகத் தளர்வாக விட்டு, காரை தரையில் இறக்குங்கள். காரை முன்னும் பின்னும் ஓரிரு அடி மட்டும் மெதுவாக நகர்த்துங்கள். காரின் எடையே சக்கரத்தை விடுவிக்கும்.

லாக் நட் இருக்கிற கார்

சில அலாய் வீல்களில் திருட்டைத் தடுக்க ஒரு நட்டு மட்டும் வேறு வடிவத்தில் இருக்கும். அதற்கென தனி சாவி சாக்கெட் தேவை. அது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி, ஜாக்கியோடு சேர்த்து வையுங்கள். சர்வீஸுக்கு விட்டு வாங்கும்போது அது திரும்ப வந்ததா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயன் இல்லை.

திரும்ப மாட்டும்போது

நட்டின் கூம்பு முனை ரிம் பக்கம் பார்க்க வேண்டும். முதல் சில சுற்று கையால் மட்டும் ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை மாறுகிறது, கழற்றி மறுபடி போடுங்கள். 4 நட்டு என்றால் எதிரெதிராக, 5 நட்டு என்றால் நட்சத்திரம் வரைவது போல ஒன்று விட்டு ஒன்றாக இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் ரிம் கோணலாக உட்காரும். காரை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம். கையால் மட்டும், கால் வைக்காமல்.

அடுத்த முறை சுலபமாக வரட்டும் என்று மரையில் கிரீஸ், ஆயில் தடவாதீர்கள். உராய்வு குறைவதால் அதே பலத்துக்கு நட்டு அளவுக்கு மேல் இறுகி ஸ்டட்டை இழுத்துவிடும். துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை நட்டுகளைச் சரிபார்ப்பது அவசியம்.

பஞ்சர் கடையில் என்ன கேட்கணும்?

"அண்ணே, கன்னுல லேசா ஏத்திட்டு, கடைசியா கையால டைட் பண்ணுங்க" என்று சொன்னால் போதும். டார்க் ரெஞ்ச் இருக்கும் கடை என்றால் அதில் வைக்கச் சொல்லுங்கள். குறித்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் கருவி அது. நட்டுகள் ஒன்றுக்கொன்று வேறு வேறு அளவில் இறுகியிருந்தால் பிரேக் டிஸ்க் லேசாக வளைந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிரும் வாய்ப்பும் உண்டு.

புது கார் வாங்கினவங்க கவனிக்க

டியூப்லெஸ் டயர், டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் வசதி, பஞ்சர் கிட் ஆகியவை இருந்தால் கார்களில் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று மத்திய அரசு 2020-ல் விதியைத் திருத்தியது. அதனால் சில புதிய கார்களில் ஸ்டெப்னியே இருக்காது. உங்கள் டிக்கியில் என்ன இருக்கிறது என்பதைப் பயணத்துக்கு முன்பே பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்

வீட்டு வாசலில், வெளிச்சத்தில், காரோடு வந்த ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக கால் சுற்று இளக்கி, திரும்ப இறுக்குங்கள். ஜாக்கி தேவையில்லை. 15 நிமிட வேலை. வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. ஒரு நட்டு வரவில்லை என்றாலும் பக்கத்து டயர் கடையில் சரிசெய்துகொள்ளலாம். ஒவ்வொரு முறை டயர் வேலை முடிந்து வந்ததும் இதையே செய்யுங்கள். அன்று வாசலில் கழலும் நட்டு, நள்ளிரவில் ஆந்திர எல்லையிலும் கழலும்.