விழிவெண்படலத் தடிப்பு அளவீடும் கருவிகளின் நம்பகமும்

கண்ணின் முன்புறத்தே ஒளியை உட்செல்ல விடும் விழிவெண்படலம், நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. கோல்ட்மன் கண்ணழுத்தமானி இத்தடிப்பை 520 மைக்கிரோமீற்றர் எனக் கொண்டே வடிவமைக்கப்பட்டது. படலம் மெல்லியதாயின் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் கிளோக்கோமா என்னும் கண்நோய் கவனிக்கப்படாமல் போகலாம். உயர் கண்ணழுத்தம் உள்ளோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான பெரிய ஆய்வில், 555 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாத படலமுடையோருக்கு அந்நோயின் ஆபத்து, 588ஐத் தாண்டியோரைவிட மும்மடங்காக இருந்தது.

நெடுங்காலமாக ஏனைய கருவிகளை உரசிப் பார்க்க உதவுவது கழியொலிக் கருவி. விறைப்புத் துளிமருந்து இட்டு, கோலின் நுனியைப் படலத்தில் மெல்லத் தொடுவிப்பர். படலத்தினுள் ஒலி செக்கனுக்கு 1640 மீற்றர் செல்லும் எனக் கொண்டு, எதிரொலி திரும்பும் நேரத்திலிருந்து தடிப்பு கணிக்கப்படும். நுனி சாய்ந்தாலோ நடுவைவிட்டு விலகினாலோ எண் கூடிவிடும். அளப்பவரின் கைப்பழக்கம் இங்கே பெரிதும் முக்கியம். ஆயினும் கையில் எடுத்துச் செல்லக்கூடியது என்பதால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களில் நடத்தும் கண் முகாம்களுக்கு இதுவே பொருத்தமானது.

பென்ரகாம், முன்கண் ஓசிடி போன்ற ஒளியியற் கருவிகள் கண்ணைத் தொடுவதில்லை. அடுத்தடுத்து அளந்தாலும் இவற்றின் எண்கள் பெரும்பாலும் சில மைக்கிரோமீற்றருக்குள் அடங்கும். பழைய ஓர்ப்ஸ்கான் கருவி தடிப்பைக் கூட்டிக் காட்டியதால் அதன் எண்ணை 0.92ஆல் பெருக்கித் திருத்தினர்.

ஒரு கருவி தன் எண்ணையே திரும்பத் தருவது வேறு, இன்னொரு கருவியோடு ஒத்துப்போவது வேறு. இரு கருவிகளின் எண்கள் சேர்ந்தே ஏறி இறங்கினாலும், ஒன்று எப்போதும் 20 மைக்கிரோமீற்றர் கூட்டிக் காட்டலாம். இணைவுக் கெழு இதை மறைத்துவிடும் என்பதாலேயே, புள்ளியியலாளர்களான பிளாண்டும் ஓல்ட்மனும் 1986இல் வேறுபாடுகளை நேரடியாக வரையும் முறையை முன்வைத்தனர். படுவான்கரையில் அளந்து, பின் மட்டக்களப்பு நகரிலோ கொழும்பிலோ வேறு கருவியில் அளக்கப்படும் நோயாளியின் குறிப்பேட்டில் எண்ணோடு கருவியின் பெயரும் கட்டாயம் எழுதப்பட வேண்டும். அளந்த நேரமும் எழுதப்பட வேண்டும்: உறக்கத்தில் நீரேறித் தடிக்கும் படலம், விழித்தபின் ஓரிரு மணித்தியாலத்தில்தான் இயல்புக்குத் திரும்பும்.

சென்னைக் கிளோக்கோமா ஆய்வில் தென்னிந்திய வளர்ந்தோரின் சராசரித் தடிப்பு ஏறக்குறைய 511 மைக்கிரோமீற்றர். நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கு ஏறத்தாழ 18 குறைவு. இரு கருவிகளுக்கிடையிலான வேறுபாடே இவ்வளவு இருக்கக்கூடும் என்பதால், நகரையும் கிராமத்தையும் வெவ்வேறு கருவிகளால் அளந்து ஒப்பிட இயலாது.