ஓட்டோ வீடு திரும்பிய கதை

ஆட்டோ இல்லீங்க, ஓட்டோ. ஜெர்மனிக்காரர் குந்தர் ஹோல்டோர்ஃப் தன்னோட நீலக்கலர் மெர்சிடிஸ் ஜி-வேகனுக்கு வச்ச பேரு.

லுஃப்தான்சா விமான கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர் குந்தர். ஐம்பதைத் தாண்டினதும் வேலையை விட்டுட்டு 1989-ல் ஆப்பிரிக்காவைச் சுத்திப் பார்க்கக் கிளம்பினார். திட்டம் என்னவோ ஒன்றரை வருஷம்தான். 1990-ல் கிறிஸ்டின் கூடச் சேர்ந்தாங்க. அப்புறம் நிறுத்தவே மனசு வரலை. வண்டிக்குப் பின்னாடி மெத்தை, சமையல் சாமான், உதிரி பாகங்கள். அதுதான் வீடு. ஹோட்டல் பக்கம் ரொம்பப் போகலை. நடுநடுவே ஜெர்மனி, மறுபடியும் ரோடு.

2010-ல் கிறிஸ்டின் புற்றுநோயில் இறந்துட்டாங்க. அவங்க கல்யாணம் நடந்ததே அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். பயணத்தை விட்டுடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. அவங்க போட்டோவை முன்கண்ணாடி பக்கம் மாட்டிக்கிட்டு குந்தர் ஓட்டினார்.

2014 அக்டோபரில் ஓட்டோ பெர்லின் பிராண்டன்பர்க் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோமீட்டர்! அவர் கிளம்பின அதே 1989-ல்தான் பெர்லின் சுவர் விழுந்தது. அதுவரை இந்த வாசல் எல்லையில் அடைச்சுக் கிடந்தது. ஊரே மாறிப்போச்சு. கிறிஸ்டின் மட்டும் போட்டோவா வீடு திரும்பினாங்க.

குந்தர் 2021-ல் காலமானார். ஓட்டோவுக்கு மெர்சிடிஸ் மியூசியத்தில் இடம் கிடைச்சது.

"ரிட்டையர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்"னு நாம எல்லாருமே சொல்றோம். சின்ன கணக்குதான். குந்தர் 65 வயசு வரை காத்திருந்தா, கிறிஸ்டினோட அவருக்குக் கிடைச்ச 20 வருஷப் பயணம் 8 வருஷமா சுருங்கியிருக்கும்.