மூக்குக் குழாயில் தேத்தண்ணி விடலாமா?

முல்லைத்தீவில் இருக்கும் என் பெரியம்மா பாரிசவாதத்தால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது ஜேர்மனியிலிருந்து மச்சாள் அழைத்தா. அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவ. "இஞ்ச குழாயாலை தேத்தண்ணி விடுறவை. அங்க ஏன் விடேல்லை?" அடுத்த அரை மணித்தியாலத்தில் வாசலுக்கு ஒரு போத்தல் பிளேன்ரீ வந்துவிட்டது. தாதி மறித்துவிட்டா. இருவரில் யார் சரி என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

மச்சாள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அங்கே விடுவது பெருஞ்சீரகம், கமோமில் பூ போன்றவற்றை ஊறவைத்த, சீனி போடாத மூலிகைத் தேநீர். அது தண்ணீருக்குப் பதிலானது, சாப்பாடு அல்ல. நம்முடைய சாயத் தேத்தண்ணியில் உள்ள தனின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழத் தேநீரின் புளிப்போ பால்மா உணவைத் திரையவைக்கும். சில மில்லிமீற்றர் அகலமான குழாய் அடைபட இவ்வளவும் போதும்.

முதலில் தேநீர் விட்டு, இரைப்பை தாங்கினால் உணவைத் தொடங்கும் பழக்கமும் இருந்திருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் திரவம் இரைப்பையை விட்டு விரைவாக இறங்கிவிடும். கொழுப்பும் புரதமும் மெதுவாகத்தான் இறங்கும். தேநீர் இறங்கியதை வைத்து உணவும் இறங்கும் என்று சொல்ல முடியாது. அதனால், பொருத்தமான நோயாளிக்கு 48 மணித்தியாலத்துக்குள் உணவையே சிறிதளவில் தொடங்கி, மெல்லக் கூட்டச் சொல்கிறது ஐரோப்பிய சிகிச்சை ஊட்டச்சத்துச் சங்கத்தின் 2019 வழிகாட்டல்.

கடும் நோயில் இரைப்பை மந்தமாவது வழமை. கிருமித்தொற்று, மோர்பின் போன்ற மருந்துகள், கூடிய சீனி எல்லாம் காரணங்கள். முன்பு ஊசிக்குழலால் இழுத்துப் பார்த்து, 200 மில்லிலீற்றர் மீதி இருந்தாலே உணவை நிறுத்திவிடுவார்கள். வாந்தி, வயிற்று ஊதல் போன்ற வேறு அறிகுறி இல்லாவிட்டால் 500 மில்லிலீற்றருக்குக் குறைந்த மீதிக்காக நிறுத்த வேண்டாம் என்கிறது 2016 அமெரிக்க வழிகாட்டல். மீதியை அளக்காமலே விட்டவர்களுக்கு நியூமோனியா கூடவில்லை என்று 449 பேரை வைத்து பிரான்சில் நடந்த ஆய்வொன்று 2013இல் காட்டியது. தேவையில்லாமல் நிறுத்தப்படும் ஒவ்வொரு வேளையும் நோயாளிக்கு நட்டம்தான்.

கணக்கையும் பாருங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 1,250 கலோரி இலக்கு. இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயில் சுமார் 40. முப்பது கோப்பைக்கு மேல் வேண்டும்!

குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களுக்குத்தான் இது கூடுதலாகத் தேவைப்படும். உணவு விடும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் 30 மில்லிலீற்றர் அளவில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை வாயால் ஒரு மிடறுகூடக் கொடுக்கக்கூடாது. அது நுரையீரலுக்குள் போகலாம்.

பெரியம்மாவின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைக்கத் தாதி விட்டா. போத்தலில் இருந்த பிளேன்ரீயை வாசலில் நின்ற நாங்களே குடித்து முடித்தோம்.