மூலநிரலே பாடநூலாக: வலைப்பக்கக் கல்வியின் தொடக்க வரலாறு

1991 ஆகஸ்டில் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ வெளியுலகுக்கு அறிவித்த முதல் வலைத்தளம், வைய விரிவு வலை என்னும் திட்டம் யாதென விளக்கியதோடு, பிறரும் தமக்கான பக்கங்களையும் அவற்றை வழங்கும் சர்வரையும் அமைத்துக்கொள்ளும் முறையையும் எடுத்துரைத்தது. வலைப்பக்கம் எழுதக் கற்பிக்கும் ஏடு இவ்வாறு வலையோடு உடன்பிறந்ததாகும். அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் வெளியிட்ட சிறு ஆவணம், ஒரு பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது இணைப்பு என்று கணினிக்கு உணர்த்துவதற்காகக் கோண அடைப்புகளுக்குள் இடப்படும் 'டேக்' என்னும் குறிகளுள் 18-ஐ விவரித்தது. இக்குறிகளால் ஆன எச்டிஎம்எல் மொழியைக் கற்க விரும்பியவருக்கு அன்று தேவைப்பட்ட பாடம் ஏறக்குறைய அவ்வளவே.

எனினும் அக்குறிகளை மக்கள் கைப்பட எழுதுவார்கள் என்று பெர்னர்ஸ்-லீ எதிர்பார்க்கவில்லை. நெக்ஸ்ட் கணினிக்காக அவர் உருவாக்கிய முதல் உலாவி, அதாவது பக்கங்களைத் திறந்துகாட்டும் மென்பொருள், வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒருசேரப் பயன்பட்டது. அதில் எழுதுபவர் டேகுகளைக் கண்ணால் காண வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனால் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் உருவாக்கி, 1993-இல் வெளிவந்து, வலையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த மொசைக் உலாவியில் அந்த எழுதும் வசதி இடம்பெறவில்லை. திரையில் தெரியும் பக்கத்தின் மூலநிரலை, அதன் ஆசிரியர் இட்ட குறிகளோடு அப்படியே திறந்து பார்க்கும் வசதி மட்டும் இருந்தது. ஒன்று இல்லாமற்போனதும் மற்றொன்று கிடைத்ததும் சேர்ந்தே அடுத்த பத்தாண்டுகளுக்கு வலை வடிவமைப்புக் கல்வியின் போக்கைத் தீர்மானித்தன எனலாம். டேகுகளை ஒவ்வொருவரும் தாமே எழுத வேண்டியிருந்தது. எழுதுவதற்கான முன்மாதிரியோ பார்க்கும் பக்கங்கள் அனைத்திலும் திறந்தே கிடந்தது.

மொசைக்கை அளித்த அதே மையம் வெளியிட்ட எச்டிஎம்எல் தொடக்கநிலைக் கையேடும், 1996-இல் ஹாட்வயர்டு நிறுவனம் தொடங்கிய வெப்மங்கி தளமும் அக்காலக் கற்போரின் ஆசான்களாக விளங்கின. 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ், விரும்பிய எவருக்கும் இலவசமாக இடமளித்ததால், கற்றதை உடனே உலகின் முன் வைக்கும் வாய்ப்பும் கிட்டியது. அயலார் பக்கத்தின் மூலநிரலைப் படியெடுத்து, சொற்களையும் நிறங்களையும் மாற்றி, விளைவைப் பார்த்துத் திருத்துவதே அங்குப் பயிற்சியாக இருந்தது. கட்டணமோ தகுதித் தேர்வோ இன்றி இத்தனை பேரை ஒரு தொழில்நுட்பத்துக்குள் அழைத்துச்சென்ற இந்த முறையின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

ஆயினும் படியெடுத்துக் கற்கும் வழியில் பிழைகளும் படியெடுக்கப்பட்டன. புள்ளிவிவரங்களை வரிசைப்படுத்துவதற்கென வகுக்கப்பட்ட அட்டவணை டேகைக் கொண்டு பக்கம் முழுவதையும் நெடுவரிசைகளாகப் பிரிப்பதும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படங்களைச் செருகி இடைவெளி உண்டாக்குவதும் 1996-இல் வெளிவந்த டேவிட் சீகலின் வலை வடிவமைப்பு நூல் வழியாக வேகமாகப் பரவின. மறு ஆண்டே சீகல், வலையைத் தாமே கெடுத்துவிட்டதாக வெளிப்படையாக எழுத நேர்ந்தது.

மூலநிரலைப் பார்த்துக் கற்கும் இம்முறை, தமிழில் பக்கம் அமைக்க முயன்றோருக்குப் பாதியளவே உதவியது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் வெவ்வேறு எழுத்துருக்களையும் குறியீட்டு முறைகளையும் சார்ந்திருந்ததால், உரிய எழுத்துருவை வாசகர் முன்னதாகவே தரவிறக்கி நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. மூலநிரலைத் திறந்தாலோ டேகுகளுக்கு இடையே பொருளற்ற உரோமானிய எழுத்துகளே பெரும்பாலும் தென்பட்டன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் இந்தத் தடையோடு போராடியே தமிழ் நூல்களை வலையில் ஏற்றின.

பக்கத்தின் கட்டமைப்பை எச்டிஎம்எல்-இடம் விட்டுவிட்டு, நிறம், எழுத்தளவு, இட அமைவு ஆகிய தோற்றக் கூறுகளைத் தனியே எழுதும் சிஎஸ்எஸ் மொழியை ஹோகோன் வியூம் லீ 1994-இல் முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது தரநிலையாக ஏற்கப்பட்டது. ஆயினும் உலாவிகள் அதனை ஒரேவிதமாகச் செயல்படுத்தாததால், அட்டவணைப் பழக்கம் எளிதில் ஒழியவில்லை. அதனை அசைத்த முயற்சிகளுள், 2003-இல் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே அமைத்த சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளம் முதன்மையானது. எச்டிஎம்எல் கோப்பில் ஒரு குறியையும் மாற்றாமல் சிஎஸ்எஸ் கோப்பையும் படங்களையும் மட்டுமே மாற்றி, ஒரே உரைக்கு முற்றிலும் வேறான தோற்றங்களைப் பலரும் அங்கு வழங்கினர். அவை அனைத்தின் மூலநிரலையும் எவரும் பார்க்கலாம் என்பதால், பிழைகளைப் பரப்பிய பழைய வழியே இப்போது திருத்தத்தையும் பரப்பியது.

நார்வேயில் 1998-இல் தோன்றிய டபிள்யூ3ஸ்கூல்ஸ், நிரலையும் விளைவையும் அருகருகே வைத்துத் திருத்திப் பார்க்கச் செய்ததால் தொடக்கநிலையினரின் முதல் புகலிடமாயிற்று. அத்தளத்தின் பிழைகளைப் பட்டியலிட்டு 2011-இல் சில வல்லுநர்கள் கண்டனம் எழுப்பியபின் அதன் பாடங்கள் பல திருத்தப்பட்டன. மொசில்லா 2005-இல் தொடங்கிய ஆவணத் தொகுப்போ, உலாவிப் போட்டியில் தோற்ற நெட்ஸ்கேப் விட்டுச்சென்ற ஏடுகளை அடித்தளமாகக் கொண்டு, எவரும் திருத்தக்கூடிய விக்கியாக வளர்ந்தது; அப்போட்டியில் வென்ற மைக்ரோசாஃப்டும் 2017-இல் அதன் ஆக்கத்தில் இணைந்து, தனது வலை ஆவணப் பக்கங்களை நாடி வருவோரை அங்கேயே அனுப்பத் தொடங்கியது.