ஏரி வண்டலும் மூன்று பதினேழும்

உரக்கடையில் போய்க் காய்கறித் தோட்டத்துக்குப் பொதுவாக ஓர் உரம் வேண்டும் என்று கேட்டால், கைக்கு வருவது பெரும்பாலும் 17:17:17 காம்ப்ளக்ஸ். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் தலா நூற்றுக்குப் பதினேழு பங்கு. கத்தரிக்கும் அதுதான், வெண்டைக்கும் அதுதான், கீரைப் பாத்திக்கும் அதுதான். தென்னேரி போன்ற ஏரிப்பாசன ஊர்களில் இதற்கு முன்பும் எல்லாப் பயிருக்கும் பொதுவான உரம் ஒன்று இருந்தது. அது மூட்டையில் வரவில்லை, ஏரியிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் வந்தது. ரசாயன மூட்டை வந்ததால்தான் அது ஒழிந்தது என்று இயற்கை வேளாண்மை பேசுகிறவர்கள் பலர் சொல்கிறார்கள். காலவரிசையைப் பார்த்தால் அது சரியில்லை. மூட்டை வருவதற்கு நூறாண்டு முன்பே வண்டலும் எருவும் தளர ஆரம்பித்துவிட்டன. ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்த இடத்தில்தான் மூட்டை வந்து உட்கார்ந்தது. இந்த வரிசை புரிந்தால், ஒரு சென்ட் கத்தரிப் பாத்திக்கு எதைப் போடுவது என்ற சின்னக் கேள்விக்கும் தெளிவு கிடைக்கும் என்பது என் கருத்து.

வாலாஜாபாத்தை ஒட்டிய தென்னேரிக்கு ஊர்ப்பெயரே ஏரியின் பெயர். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையன் ஏரி என்றிருந்தது தென்னேரி ஆயிற்று என்பது வழக்கு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. இதே வட்டாரத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தத் தேர்தல் எதற்கு என்று கேட்டால் விஷயம் இன்னும் சுவையானது: தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துக்கொள்ள ஒரே சபை தனித்தனியாக ஆள் எடுத்தது. அதற்கும் முன்பே, பல்லவன் தந்திவர்மன் காலத்தில், அவ்வூரின் வயிரமேக தடாகத்தில் மண் வாருவதற்கென்றே பொன் கொடை அளிக்கப்பட்டிருக்கிறது. ஏரியில் படியும் மண் வெறும் அடைசல் அல்ல. மழை நீர் மேட்டு நிலத்திலிருந்து வரும்போது நைந்த சருகு, மேய்ச்சல் தரைச் சாணம், மாவு போன்ற களி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்து ஏரியில் விடுகிறது. கோடையில் ஏரி வற்றியதும் அதை வெட்டி எடுத்தால் ஏரிக்கு ஆழம், நிலத்துக்கு உரம். வண்டலில் தழைச்சத்து அதிகம் இல்லை, ஆனால் தண்ணீர் நிற்காத மணற்பாங்கான செம்மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் உடம்பை அது கொடுத்தது. தொழுவுரம் அந்த மண்ணுக்கு உயிர் கொடுத்தது. எல்லாப் பயிருக்கும் பொது என்றால் இவை இரண்டும்தான், ஏனென்றால் இவை ஊட்டியது பயிரை அல்ல, மண்ணை.

பயிர் பார்த்துப் போட்டவை வேறு. நாற்றங்காலில் கொளுஞ்சியும் ஆவாரந்தழையும் மிதித்தார்கள். அடுப்புச் சாம்பல் கீரைக்கும் கத்தரிக்கும் போயிற்று. பூ எடுக்கும் நேரத்தில் கடலைப் பிண்ணாக்கோ வேப்பம் பிண்ணாக்கோ வேரோரம் வைத்து மண் அணைத்தார்கள். அறுவடை முடிந்த கழனியில் ஆட்டுக்கிடை போட்டார்கள். இன்று நாம் சொல்லும் மூன்று சத்துகளின் பெயரிலேயே இந்தப் பழக்கம் இருக்கிறது: தழையைத் தருவது தழைச்சத்து, மணியைத் தருவது மணிச்சத்து, சாம்பலில் கிடைப்பது சாம்பல்சத்து. ஆக, அடியில் போட்டது பொது, மேலே போட்டது தனி. 17:17:17 இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிற்று. தனியாக இருக்க வேண்டியது பொதுவாயிற்று, பொதுவாக இருந்தது பட்டியலிலிருந்தே விழுந்துபோயிற்று.

விழுந்தது எப்போது? 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஏரி, கால்வாய்களில் குடிமராமத்து வேலையை ஊரார் செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அந்த வழக்கம் அதற்குள் ஆட்டம் கண்டிருந்தது என்றுதான் பொருள். ஏரியின் உட்புறம் அரசுப் புறம்போக்கு ஆனபின், வண்டல் எடுப்பது ஊரின் கடமை என்பது போய் அனுமதி கேட்கும் காரியமாயிற்று. எரு விஷயத்தில் நடந்ததற்குச் சாட்சி வோல்கர். இங்கிலாந்து ராயல் வேளாண் சங்கத்தின் ரசாயன அறிஞரான அவர் 1889 இறுதியில் இந்தியாவுக்கு வந்து, ஓராண்டுக்கு மேல் சுற்றிப் பார்த்து, 1893-ல் அறிக்கை தந்தார். சாணத்தை வரட்டி தட்டி எரிப்பதைக் குடியானவனின் அறியாமை என்று அவர் சொல்லவில்லை. விறகு கிடைக்காததால்தான் எரிக்கிறான், விறகுக்கு வழி செய்யுங்கள் என்றார். எண்ணெய் வித்தும் எலும்பும் கப்பலேறுவதால் மண்ணின் சத்தே வெளியே போகிறது என்றும் எச்சரித்தார். பிண்ணாக்காகி நிலத்துக்குத் திரும்ப வேண்டியது வித்தாகவே துறைமுகம் போனால் பாத்திக்கு என்ன மிஞ்சும்? நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலையைப் பாரி கம்பெனி பக்கத்து ராணிப்பேட்டையில் தொடங்கிய 1906-ஆம் ஆண்டில், நிலம் ஏற்கெனவே பசித்துத்தான் கிடந்தது.

மூட்டையின் பின்னால் இருந்த அறிவியல் ஜெர்மன் ரசாயன அறிஞர் லீபிக்குடையது. எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலுக்கு எல்லை கட்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர் வலியுறுத்தினார். கவனித்துப் பார்த்தால் அந்த விதி பொது உரத்துக்கு எதிரானது: எது குறைவோ அதைப் போடு என்கிறதே தவிர, எல்லாவற்றையும் சமமாகப் போடு என்று சொல்லவில்லை. ஆனால் 1965, 1966 வறட்சிக்கும் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த காலத்துக்கும் பிறகு, மண்ணை ஆராய்ந்து கொடுக்க யாருக்கும் பொழுதில்லை. மணலியில் சென்னை உரத் தொழிற்சாலை 1971-ல் உற்பத்தி தொடங்கி, ‘விஜய்’ என்ற பெயரில் 17:17:17 ஊர் ஊராய் வந்தது. அது பசியைத் தீர்த்தது. அதை மறைப்பது நேர்மையாகாது.

எரு பலம் குறைந்தது, அதை வைத்துக்கொண்டு விளைச்சல் எடுக்க முடியுமா என்ற ஆட்சேபணைக்குக் கணக்கிலேயே பதில் சொல்லலாம். ஒரு டன் தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் 5 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் 8.5 கிலோ. சத்தைத்தான் வாங்குகிறோம் என்றால், ஒரு மூட்டைக்கு ஈடாக 1.7 டன் எருவைச் சுமக்க வேண்டும், மூட்டைதான் ஜெயிக்கும். ஆனால் எரு சத்துக்காக மட்டும் போடுவதல்ல. கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலில், தொழுவுரம் போட்டுவந்த பாத்திகளில் மண்ணின் கரிமம் கூடுதலாக நிற்கிறது. சத்தைத் தாங்கிவைத்து வேருக்குக் கொடுப்பது அந்தக் கரிமம்தான். அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகமே கத்தரிக்குப் பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு முதலில் 25 டன் தொழுவுரம், அதோடு அடியுரமாக 50:50:30 கிலோ, முப்பதாம் நாள் மேலுரமாக 50 கிலோ தழைச்சத்து. ஒரு சென்ட்டுக்குச் சுருக்கினால் 100 கிலோ எரு, தழை 400 கிராம், மணி 200, சாம்பல் 120. இந்த 400 கிராம் தழையை முழுக்க 17:17:17-லேயே கொடுக்க நினைத்தால் மணி இரண்டு மடங்கும் சாம்பல் மூன்று மடங்குக்கு மேலும் போய்விடும். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. தங்கித் தங்கிச் சேர்ந்தால் செடி துத்தநாகம் எடுப்பதை மறிக்கும். வெண்டைக்கு அப்படியில்லை, அடியுரம், மேலுரம் இரண்டும் சேர்த்து 40:50:30, ஆகவே மூன்று பதினேழு ஓரளவு பொருந்தும். ஒரே மூட்டை ஒரு பயிருக்குச் சரி, அடுத்த பாத்திக்குத் தவறு.

இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. ஏரி வண்டலைக் கூடையில் சுமந்த தலைகள் யாருடையவை? செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், கடனில் கட்டுண்டு பண்ணை வேலை செய்த பறையர்களின் நிலையைச் சொல்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க 1892-ல் வந்த பஞ்சமி நில அரசாணைக்கு வழிகோலியது அதுதான். தோட்ட வாரியத்துக்கும் ஏரி வாரியத்துக்கும் நின்றவர்கள் நிலமும் மனையும் உடையவர்கள். குழியில் இறங்கியவர்கள் வேறு. மூட்டை அந்தச் சுமையைக் குறைத்தது என்றால் அது நல்லதுதான், அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் தவறு வண்டலில் இல்லை, சுமக்கவைத்த முறையில் இருந்தது. இன்று வண்டலை அள்ளுவது பொக்லைன், கொண்டுபோவது டிராக்டர்.

சட்டமும் இடம் கொடுக்கிறது. 2017-ல் தமிழக அரசு, விவசாயத்துக்கு ஏரி வண்டலை இலவசமாக எடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது: ஏக்கருக்கு நஞ்சையில் 75 கனமீட்டர், புஞ்சையில் 90. காய்கறிப் பாத்திக்கு இதில் துளி போதும். வண்டலும் எருவும் அடியில் போனபின், மூட்டையை மணிச்சத்தை அளவாகக் கொண்டு போடலாம்: சென்ட்டுக்கு 1.2 கிலோ 17:17:17 போட்டால் மணி 200 கிராம் சரியாக வரும், தழையும் பாதி வந்துவிடும், சாம்பல் கொஞ்சம் கூடும், பாதகமில்லை. மீதித் தழைக்கு முப்பதாம் நாள் 435 கிராம் யூரியா, அல்லது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைய கடலைப் பிண்ணாக்கு. வண்டலில் மட்டும் ஒரு பக்குவம் உண்டு. சித்திரையில் ஏரி வெடித்து, ஓடு ஓடாய்ப் பெயர்ந்து வரும் அந்தக் கட்டியைக் கையில் வைத்து நசுக்கினால் நசுங்காது. பாத்தியில் பரப்பி வெயிலில் காயவிட்டு, முதல் கோடை மழை விழும்வரை தொடாமல் வைக்க வேண்டும். மழை பட்டதும் கட்டி தானாகவே சுண்ணாம்பு போலப் பூத்து உதிர்ந்துவிடும். அதன் பிறகு கொத்திக் கலந்து நாற்றை நடலாம்.