தொடுகை அளவையின் வரலாறு

நோவை அறியாதிருத்தல் நற்பேறு எனச் சிலர் கருதலாம். ஆயின், நரம்பு தொழிற்படாத பாதம் முள் தைத்ததை அறியாது நடக்கும், புண் முற்றும், ஈற்றில் உறுப்பையே இழக்க நேரும். ஆகவே உணர்ச்சியிழப்பைக் காலந்தாழ்த்தாது கண்டறிதல் இன்றியமையாததாகும். ஒருவர் உள்ளே உணர்வதைப் பிறர் அளப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு அறிஞர் கண்ட விடைகளை ஈண்டு நோக்குவோம்.

ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏர்ண்ஸ்ற் வேபர், தொடுகை பற்றிய தமது இலத்தீன் நூலை 1834 இல் வெளியிட்டார். கவராயத்தின் இரு முனைகளையும் தோலில் வைத்து, அவை இரண்டெனத் தெரியும் மிகக் குறைந்த இடைவெளியை அவர் அளந்தார். விரல் நுனியில் அது ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்; முதுகிலோ அதனிலும் பன்மடங்கு. உணர்ச்சி இவ்வாறு எண்ணாற் குறிக்கப்பெற்றது. எனினும், கவராயத்தை அழுத்தும் கையின் விசை ஆளுக்காள் வேறுபட்டது.

இக்குறையை நீக்க வழிகண்டவர், 1890களில் அதே நகரில் ஆய்வு நடத்திய மக்ஸ் ஃபொன் ஃபிரே ஆவார். கோலின் முனையில் ஒட்டிய மயிரைத் தோலில் அழுத்தினால் அது வளையும். வளைந்தபின் மேலும் அழுத்தினும் விசை பெரிதும் மாறாது. தடிப்பும் நீளமும் வேறுபட்ட மயிர்கள் வெவ்வேறு விசைகளைத் தந்தன. பின்னர் அமெரிக்காவில் ஜோசபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்ரைன் ஆகியோர், போரில் மூளைக்காயமுற்றோரை ஆராய்கையில் மயிருக்குப் பதிலாக நைலோன் இழைகளைக் கையாண்டனர். அவ்வாய்வு 1960 இல் நூலாயிற்று.

இவ்விழைகள் நோயாளருக்குப் பெரும்பயன் அளித்தமைக்குத் தொழுநோய் ஆய்வும் ஒரு காரணமாகும். 1946 இல் தமிழகத்து வேலூரில் பணியேற்ற மருத்துவர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை என்றும், உணர்ச்சியின்மையால் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்றும் எடுத்துக்காட்டினார். இதனால் வினாவே மாறிற்று. மனிதர் எவ்வளவு நுண்மையாக உணர்வர் என்பதினும், தம்மைக் காத்துக்கொள்ள எவ்வளவு உணர்தல் வேண்டும் என்பதே முதன்மை பெற்றது. 1966 இல் பிராண்ட் சென்றடைந்த அமெரிக்கக் கார்வில் மருத்துவமனையின் ஆய்வாளர், பாதப்புண்ணுற்றோர் 10 கிராம் விசையுடைய இழையை உணராமையை 1986 இல் வெளியிட்டனர். இன்று நீரிழிவு நோயாளரின் பாதங்களைச் சோதிக்கப் பல நாடுகளிலும் பயன்படுவது அவ்விழையே.

கருவி எத்துணை திருந்தினும், கண்களை மூடியிருக்கும் நோயாளி கூறும் விடையே இன்றும் சான்றாகின்றமை நோக்கத்தக்கது. இழை வளைந்தும் அவர் வாய் திறவாத இடமே, நாம் விழிப்புடன் காக்கவேண்டிய இடமாகும்.