கார்ணோவின் நீர்வீழ்ச்சியும் எந்திரப்பியும்

பிழையான கொள்கையினின்று மெய்யான முடிபு பிறந்தமைக்குப் பௌதிகவியல் வரலாற்றிலே கார்ணோவின் நூலினும் சிறந்த சான்று காண்டலரிது. பிரான்சியப் படைப்பொறியியலாளரான சாடி கார்ணோ, 1824 ஆம் ஆண்டில், வெப்ப எஞ்சின்களின் இயக்கவலு பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். வெப்பம் அழியாத பாய்பொருளென்பது அக்காலத்தார் பலர் துணிபு. வீழும் நீர் சில்லைச் சுழற்றியும் தான் குறையாதவாறு போல, வெப்பமும் உயர்வெப்பநிலையினின்று தாழ்வெப்பநிலைக்கு இறங்கி, வேலை செய்தும் குறையாதென அவர் கொண்டார்.

அவர் கற்பித்த இலட்சிய எஞ்சினில் வாயு மாறா வெப்பநிலையில் விரிந்து வெப்பத்தை ஏற்கும். பின் வெப்பம் புகாமலும் போகாமலும் விரிந்து குளிரும். தாழ்ந்த வெப்பநிலையிலே சுருங்கி வெப்பத்தை விடும். ஈற்றில் மேலும் சுருங்கித் தொடக்கநிலை எய்தும். ஏற்ற வெப்பத்துக்குக் கிடைக்கும் உச்ச வேலை அவ்விரு வெப்பநிலைகளையே பொறுத்தது என்றார். இம்முடிபு இன்றும் நிலைபெற்றுள்ளது.

நூலைக் கற்றோர் மிகச் சிலரே. 1845 இல் உவில்லியம் தொம்சன் பாரிசிலே தேடியும் ஒரு பிரதி கிடைத்திலது. 1834 இல் கிளாப்பேரோன் எழுதிய கட்டுரை வாயிலாகவே அவர் அதனை அறிந்தார். அதற்குள் யூல் தம் பரிசோதனைகளால், வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறுவன எனக் காட்டியிருந்தார். அங்ஙனமாயின் கார்ணோ வீழ்ந்தாரோ? தொம்சனை இவ்வையம் பெரிதும் வருத்திற்று.

யேர்மானியரான கிளௌசியசு 1850 இல் முடிச்சை அவிழ்த்தார். ஏற்ற வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாகும், எஞ்சியதே கீழிறங்கும். எனின், குறையாது இறங்குவது யாது? தனிவெப்பநிலை 500 பாகையில் 1000 அலகு வெப்பத்தை ஏற்று, 300 பாகையில் 600 அலகை விடும் இலட்சிய எஞ்சினொன்றைக் கருதுக. 400 அலகு வேலையாயிற்று. ஆகவே வெப்பம் குறைந்தது. ஆயின் 1000 ஐ 500 ஆல் வகுப்பினும், 600 ஐ 300 ஆல் வகுப்பினும் ஈவு 2 ஆகும். கார்ணோவின் உவமையிலே நீருக்கு நிகரானது இவ்வீவேயன்றி வெப்பமன்று. 1854 இல் இவ்வளவை ஆராய்ந்த கிளௌசியசு, 1865 இல், மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அதற்கு எந்திரப்பி எனப் பெயரமைத்தார். வெப்பநிலை மாறாதவழி அதனைக் கணித்தல் எளிது: 273 பாகையில் உருகும் ஒரு கிராம் பனிக்கட்டி 80 கலோரி ஏற்பதால், அதன் எந்திரப்பி பாகைக்கு ஏறக்குறைய 0.29 கலோரி கூடும்.

கார்ணோ 1832 இல், 36 வயதிலேயே, வாந்திபேதியால் இறந்தார். எஞ்சிய குறிப்புக்களை அவர் தம்பியார் 1878 இல் வெளியிட்டபோதுதான், வெப்பம் பாய்பொருளன்று, இயக்கமே என அவர் பின்னாளிற் றெளிந்திருந்தமை புலனாயிற்று. ஒரு கிலோகலோரிக்கு ஈடான வேலையை 370 கிலோகிராம்-மீற்றர் எனவும் அதிற் கணித்திருந்தார். இன்றைய பெறுமானம் ஏறக்குறைய 427.